ஆற்றங்கரையில் ஒரு ஸ்வீடிஷ் ஊர்: கம்மல்ஸ்வென்ஸ்க்பியின் கதை

தெற்கு உக்ரைனில், கெர்சோன் நகரிலிருந்து தினிப்ரோ நதியை எதிர்த்து வடகிழக்காக எண்பது கிலோமீட்டர் அளவில் போனால், பெரிஸ்லாவ் என்ற சிறு நகரைத் தாண்டியதும் வலது கரையில் ஸ்மீவ்கா என்ற கிராமம் வரும். 2022ல் ரஷ்யா படையெடுக்கும் முன் அங்கே சுமார் 2500 பேர் வசித்தார்கள். சுற்றிலும் கோதுமை, சூரியகாந்தி, தர்ப்பூசணி. தெற்கு உக்ரைனில் இப்படிப்பட்ட கிராமங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் இந்த ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் குநூத்தாஸ், புஸ்காஸ், மல்மாஸ், உத்தாஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். எல்லாம் ஸ்வீடிஷ் பண்ணை வீட்டுப் பெயர்கள். பால்டிக் கடலில் இருக்கும் ஒரு தீவின் பெயர்கள் கருங்கடலுக்குப் பக்கத்தில் எப்படி வந்தன?

ஊரின் இந்தப் பகுதிக்கு கம்மல்ஸ்வென்ஸ்க்பி என்று பெயர், அதாவது பழைய ஸ்வீடிஷ் கிராமம். ஸ்மீவ்கா என்பது நான்கு ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுப்பு. ஸ்வீடியர்களின் ஊர் ஒன்று. மற்ற மூன்றும் 1800களின் தொடக்கத்தில் ஜெர்மானியர் குடியேறிய ஷ்லாங்கன்டோர்ஃப், மியூல்ஹவுசன்டோர்ஃப், குளோஸ்டர்டோர்ஃப். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நான்கும் ஒரே கிராமமாயின.

உலகின் கோடியில் தாய்மொழியைக் கட்டிக்காத்த ஒரு சின்னக் கூட்டம் என்றுதான் இந்த ஊரைப் பற்றி வழக்கமாக எழுதுகிறார்கள். மனதைத் தொடும் கதைதான், பொய்யும் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் முக்கியமானது விடுபட்டுப் போகிறது. இந்த ஊர் உருவானதற்கும், பலமுறை கலைந்ததற்கும், இன்று பீரங்கி எட்டும் தூரத்தில் கிடப்பதற்கும் காரணம் அது இருக்கும் இடம். தினிப்ரோவின் கீழ்ப்பகுதி மூன்று நூற்றாண்டுகளாக ஏதாவதொரு அரசின் எல்லையாக இருந்து வந்திருக்கிறது. எல்லையை நிரப்ப வேண்டும் என்று அரசு நினைத்தபோது மக்களைக் கொண்டுவந்தது. எல்லை சிக்கலானபோது அவர்களையே சந்தேகித்தது.

முதலில் இடத்தைப் பார்ப்போம்.

தினிப்ரோவின் வலது கரை மேடானது. இடது கரை தட்டையாகவும் மணலாகவும் விரிந்து கிடக்கும். வலது கரையில் காற்று கொண்டுவந்து படிய வைத்த மென்மையான மஞ்சள் மண் சுவர்போல நிற்கும், அதன் மேல் புல்வெளி தொடங்கும். மழைநீர் அந்த மண்ணை அறுத்துக்கொண்டு நதிக்கு இறங்கும் வழிகளில் ஆழமான பள்ளங்கள் உண்டு. உள்ளூரில் அவற்றை பால்கா என்பார்கள். மேட்டில் மரம் என்று எதுவும் பெரிதாக இல்லை. மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர்தான். கோடையில் தென்கிழக்கிலிருந்து வரும் வறண்ட அனல்காற்று சில நாளிலேயே கதிரைப் பதராக்கிவிடும். குளிர்காலத்தில் நதி உறையும். மண் வளமானதுதான், ஆனால் விளைய வைக்க அனுபவம் வேண்டும்.

கீழே, நதியோரத்தில், வேறொரு உலகம் இருந்தது. வெள்ளம் பரவி வடியும் தாழ்நிலம், நாணற்காடு, வில்லோ மரங்கள், மீன் மிகுந்த கிளை நீரோடைகள். உக்ரைனியர் அதை பிளாவ்னி என்பார்கள். வறண்ட மேட்டில் விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் மக்களைக் காப்பாற்றியது இந்தத் தாழ்நிலம்தான். சோவியத் காலத்தில் ஊரின் ஸ்வீடிஷ் பகுதிக்கு வெர்பிவ்கா என்று பெயர் வைத்தார்கள். வெர்பா என்றால் வில்லோ மரம். பக்கத்து ஷ்லாங்கன்டோர்ஃபின் பெயரைப் பாம்புகள் தந்தன. அதையே உக்ரைனிய மொழியில் சொன்னால் ஸ்மீவ்கா.

இந்தக் கரையை 18ஆம் நூற்றாண்டின் ரஷ்ய அரசு காலி நிலம் என்று அறிவித்தது. அது உண்மையல்ல. நோகாய் தாத்தார் மேய்ப்பர்கள் இந்தப் புல்வெளியில் மந்தை ஓட்டினார்கள். தன்னாட்சியோடு வாழ்ந்த போர்வீரர் கூட்டமான ஸபோரீஷியக் கோசாக்குகள் நதியில் மீன் பிடித்தார்கள், குளிர்கால முகாம்கள் அமைத்தார்கள். இன்றைய பெரிஸ்லாவ் நகரம் நிற்கும் இடத்தில் கிஸி-கெர்மென் என்ற ஒட்டோமான் துருக்கியரின் கோட்டை இருந்தது. 1695ல் கோசாக்குகளும் ரஷ்யப் படையும் சேர்ந்து அதைப் பிடித்தார்கள். பல ஆட்சிகள் மோதிக்கொண்ட நதித்துறை அது.

1774ல் ஒட்டோமான்களுடன் செய்த குச்சுக் கைனார்ஜி ஒப்பந்தத்தில் தினிப்ரோவுக்கும் தெற்கு பூஹ் நதிக்கும் இடைப்பட்ட நிலம் ரஷ்யாவுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே பேரரசி இரண்டாம் காதரின் ஸபோரீஷியக் கோசாக்குகளின் தலைமைப் பாளையத்தை அழித்தார். 1778ல் கெர்சோன் நகரம் தொடங்கப்பட்டது. 1783ல் கிரிமியா இணைக்கப்பட்டது. இந்தப் பிரதேசத்துக்குப் பொறுப்பாளர் இளவரசர் கிரிகோரி பொத்தெம்கின். இருந்தவர்களை விரட்டிவிட்டு, புதியவர்களால் நிலத்தை நிரப்பும் வேலை அவருடையது. கிரேக்கர், செர்பியர், ஜெர்மானியர், தப்பிவந்த பண்ணையடிமைகள் என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் சேர்த்தார்கள். வடக்கே ஒரு தீவில் நடந்துகொண்டிருந்த சச்சரவு அப்போது அரசுக்கு நல்ல வாய்ப்பாக வந்தது.

தீவின் பெயர் ஹீயுமா, இன்றைய எஸ்டோனியாவில் இருக்கிறது. ஸ்வீடியர் அதை டாகோ என்பார்கள். எஸ்டோனியாவின் கடலோரத்திலும் தீவுகளிலும் இடைக்காலத்திலிருந்தே ஸ்வீடிஷ் பேசும் விவசாயிகளும் மீனவர்களும் இருந்தார்கள். அவர்கள் பண்ணையடிமைகள் அல்லர். ஸ்வீடிஷ் அரசர்கள் கொடுத்த உரிமைப் பத்திரங்கள் அவர்களிடம் இருந்தன. 1710ல் ரஷ்யாவின் முதலாம் பீட்டர் எஸ்டோனியாவைப் பிடித்தபின், அங்கிருந்த பிரபுக்களின் கை ஓங்கியது. பக்கத்து எஸ்டோனிய விவசாயிகளைப் போலவே ஸ்வீடியர்களையும் அடிமைகளாக நடத்தப் பார்த்தார்கள். டாகோவின் ஹோஹென்ஹோல்ம் பண்ணைக்குச் சொந்தக்காரர் கார்ல் மாக்னஸ் ஸ்டென்பாக் என்ற பிரபு. அவருக்கும் ரெய்கி வட்டாரத்து ஸ்வீடியர்களுக்கும் வழக்கு நீண்டது. நாங்கள் சுதந்திரக் குடிகள் என்று அவர்கள் அரசியிடம் முறையிட்டார்கள். உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது, ஆனால் நிலம் பிரபுவுடையது என்றாகிவிட்டது. சுதந்திரம் உண்டு, நிற்க இடமில்லை. அந்த நேரத்தில்தான் தெற்கே நிலம் தருகிறோம், வீடு தருகிறோம், சில ஆண்டுகளுக்கு வரி கிடையாது என்ற அழைப்பு வந்தது. விரும்பிப் போனார்களா, துரத்தப்பட்டார்களா என்று பின்னாளில் பலர் விவாதித்திருக்கிறார்கள். அடிமையாக இரு அல்லது கிளம்பு என்று சொன்னால், கிளம்புவதை விருப்பம் என்று நான் எழுத மாட்டேன்.

1781 ஆகஸ்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் புறப்பட்டார்கள். தீவில் அவர்கள் கடைசியாகக் கூடி வழிபட்டதாகச் சொல்லப்படும் மணல்மேடு இன்றும் இருக்கிறது, பெயர் ரிஸ்டிமாகி. முதல் தடவை அந்த வழியாகப் போகிறவர்கள் அங்கே கிடக்கும் குச்சி, கூம்புக்காய், பட்டை எதையாவது கொண்டு ஒரு சிலுவை கட்டி நட்டுவிட்டுப் போவது வழக்கம். ஆயிரக்கணக்கான சின்னச் சிலுவைகள் மரங்களுக்கிடையே நிற்கின்றன. பழையவை இற்று விழ, புதியவை வந்துகொண்டே இருக்கின்றன.

நேர்கோட்டில் அளந்தாலே 1500 கிலோமீட்டர் தூரம். வண்டியிலும் கால்நடையாகவும் போனார்கள். நடுவில் குளிர்காலம் பிடித்துக்கொண்டது. பொல்டாவா பகுதியில் ரெஷெத்திலிவ்கா என்ற ஊரில் தங்கினார்கள். நோயும் குளிரும் நிறையப் பேரைக் கொண்டுபோயிற்று. 1782 மே 1 அன்று தினிப்ரோ கரைக்கு வந்துசேர்ந்தபோது புறப்பட்டவர்களில் சுமார் பாதிப்பேர்தான் மிச்சம். அங்கே சொன்ன வீடுகள் இல்லை. பழகாத வெயில், பழகாத தண்ணீர், மரமில்லாத மேடு. கரையின் மண்சுவரைக் குடைந்து குழிவீடுகளில் தங்கினார்கள். 1783 மார்ச்சில் கணக்கெடுத்தபோது உயிரோடு இருந்தவர்கள் 135 பேர்.

ஆயிரத்தில் 135. இந்த ஊரைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிறகு வந்த பெருமைகள் எல்லாம் இதற்கு மேல் கட்டப்பட்டவை.

ஒரு தவறான கருத்தையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். 1709ல் பொல்டாவா போரில் தோற்ற ஸ்வீடிஷ் அரசர் பன்னிரண்டாம் கார்லின் படைவீரர்களுடைய வாரிசுகள்தான் இந்த ஊர்க்காரர்கள் என்று பலர் நம்புகிறார்கள், உக்ரைனிலேயே அப்படிச் சொல்வதுண்டு. தொடர்பு எதுவும் இல்லை. போருக்கும் ஊருக்கும் நடுவே 73 ஆண்டுகள். படைவீரர் கலப்பு என்று ஏதாவது உண்டென்றால், அது 1788 முதல் 1790 வரை நடந்த ரஷ்ய–ஸ்வீடிஷ் போரில் பிடிபட்ட கைதிகளில் சுமார் முப்பது பேரை பொத்தெம்கின் இங்கே அனுப்பியது மட்டும்தான். ஆள் பற்றாக்குறை அந்த அளவுக்கு இருந்திருக்கிறது.

அப்புறம் ஜெர்மானியர் வந்தார்கள். ஸ்வீடியர்களுக்கு ஒதுக்கிய நிலம் அவர்கள் எண்ணிக்கைக்கு மிக அதிகம் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். செத்தவர்களின் பங்கு வந்தவர்களுக்குப் போனது. நிலத்துக்காகவும் மீன்பிடி உரிமைக்காகவும் பல பத்தாண்டுகள் தகராறு நடந்தது. இரு தரப்பிலும் பெரும்பாலோர் லூத்தரன் கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் பெண் கொடுத்து எடுப்பது அரிதாகவே இருந்தது. போதகர்கள் பெரும்பாலும் ஜெர்மானியர். ஆகவே கோயிலில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி. ஸ்வீடிஷ் வேதப்புத்தகமும் பழைய ஞானப்பாட்டுப் புத்தகமும் வீடுகளில் பத்திரமாக இருந்தன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினார்கள்.

மொழி எப்படித் தப்பியது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மொழிப்பற்று மட்டும் காரணமில்லை. ரஷ்யப் பேரரசு அந்நியக் குடியேறிகளைத் தனி வகுப்பாக வைத்திருந்தது. அவர்களுக்குத் தனி நிர்வாகம், தனி ஊராட்சி, படைச்சேவையிலிருந்து விலக்கு. அந்தத் தனி வகுப்பு 1871ல்தான் ரத்தானது. 1874ல் கட்டாயப் படைச்சேவை வந்தது. அதுவரை ஒரு ஸ்வீடியன் ஸ்வீடியனாகவே இருப்பதுதான் சட்டப்படியும் லாபமாக இருந்தது. நாலாபுறமும் வேறு மொழி பேசுகிறவர்கள், உள்ளே எல்லோரும் உறவினர்கள், மேலே தனி ஊராக நடத்தும் அரசு. மூன்றும் சேர்ந்தபோது மொழி நிலைத்தது.

அவர்கள் பேசியது ஸ்டாக்ஹோம் ஸ்வீடிஷ் அல்ல. எஸ்டோனியத் தீவுகளின் வட்டார வழக்கு. ஸ்வீடனில் எப்போதோ தேய்ந்துபோன பழைய இரட்டை உயிரொலிகள் அதில் மிச்சமிருந்தன. கல்லுக்கு ஸ்வீடனில் ஸ்தேன் என்றால் இங்கே ஸ்தைன். மேலே உக்ரைனிய, ரஷ்ய, ஜெர்மன் சொற்கள் ஏராளமாகச் சேர்ந்துகொண்டன. 1880களில் பின்லாந்திலிருந்து மொழியியலாளர் ஹெர்மன் வெந்தெல் வந்து இந்த வழக்கைப் பதிவு செய்தார். அந்தக் காலத்தில்தான் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் இந்த ஊர் பரவலாகத் தெரியவந்தது. நன்கொடை திரட்டினார்கள், 1885ல் ஊரில் புதிய லூத்தரன் கோயில் எழும்பியது. அந்தச் செங்கல் கட்டடம் நூற்றாண்டு கடந்தும் நின்றது. சோவியத் காலத்தில் வழிபாடு நின்று ஊர் மன்றமாகப் பயன்பட்டது, பிறகு ஆர்த்தடாக்ஸ் கோயிலானது.

1783ன் 135 பேர் 1929ல் ஏறத்தாழ 900 பேர் ஆகியிருந்தார்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல் வளர்ச்சி. இடையில் கனடாவுக்குப் போனவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். அந்தக் கரை ஒருமாதிரி அவர்களுக்குப் பழகிவிட்டது என்று சொல்லலாம்.

1917க்குப் பிறகு நடந்தது வேறு கதை. உள்நாட்டுப் போரில் படைகள் மாறி மாறி இந்த வழியாகப் போயின. 1921ல் பஞ்சம் வந்தபோது ஸ்வீடிஷ் செஞ்சிலுவைச் சங்கம் உணவு அனுப்பியது. அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு, ஊரிலேயே பிறந்து போதகரான கிறிஸ்டோஃபர் ஹோவாஸ், ஊர்ப் பிரமுகர் யோஹான் புஸ்காஸ் இருவரும் எல்லோரும் ஸ்வீடனுக்குப் போய்விடலாம் என்ற முயற்சியில் இறங்கினார்கள். நிலம் கூட்டுப்பண்ணைக்குப் போகப்போகிறது என்பது தெரிந்துவிட்டது. கோயிலுக்கு நெருக்கடி. செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவரான இளவரசர் கார்ல் ஸ்வீடனில் அவர்களுக்காக வாதாடினார். 1929 கோடையில் சோவியத் அரசு அனுமதி கொடுத்தது.

எவ்வளவு அரிதான அனுமதி அது என்பது அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் தெரிந்தது. வெளிநாடு போக அனுமதி கேட்டு மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான ஜெர்மானியர் மாஸ்கோவின் புறநகர்களில் கூடினார்கள். ஐயாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் வெளியேற முடிந்தது. மற்றவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

ஸ்வீடியர்கள் கெர்சோனில் கப்பல் ஏறி ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா துறைமுகம் போய், அங்கிருந்து ரயிலில் ஐரோப்பாவைக் கடந்து, 1929 ஆகஸ்ட் 1 அன்று ஸ்வீடனின் ட்ரெல்லெபோர்க் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ 885 பேர். இளவரசர் கார்லே வந்து வரவேற்றார். கரையெங்கும் கூட்டம், பத்திரிகைகளில் படங்கள். 148 ஆண்டுகளுக்குப் பின் தாய்நாடு திரும்பியவர்கள் என்று எழுதினார்கள். உண்மையில் அவர்களின் முன்னோர் புறப்பட்டது எஸ்டோனியத் தீவிலிருந்து. இறங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த நாடு புதிது.

அவர்கள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. எல்லோரும் சேர்ந்து இருக்க ஓர் ஊர், உழ நிலம். கிடைத்தது வேறு. முதலில் யோன்சோப்பிங் நகரில் படைமுகாமில் தங்க வைத்தார்கள். பிறகு ஸ்வீடிஷ் விவசாய முறை பழகட்டும் என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்து நாடெங்கும் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். புல்வெளியில் கோதுமையும் தர்ப்பூசணியும் பயிரிட்டவர்களுக்கு அந்தச் சிறுவயல் வேளாண்மை புதிது. உலகப் பொருளாதார நெருக்கடியும் அதே சமயம் வந்தது. காலப்போக்கில் பெரும்பாலோர் கோத்லாந்து தீவில் நிலம் வாங்கி வேரூன்றினார்கள். சிலர் கனடா போனார்கள். சுமார் 250 பேர் சோவியத் உக்ரைனுக்கே திரும்பிவிட்டார்கள்.

பஞ்சம் வரப்போகும் நாட்டுக்கு ஏன் திரும்பினார்கள்? இன்று பார்ப்பவர்களுக்கு இது புரியாத புதிர். ஆனால் அன்று அவர்களுக்கு வரப்போவது தெரியாது. ஸ்வீடிஷ் கம்யூனிஸ்டுகள் திரும்பிப் போவதை ஊக்குவித்தார்கள், பயணத்துக்கு உதவினார்கள். சோவியத் அரசுக்கு அது நல்ல விளம்பரம். இந்தக் காரணங்களைவிட, பிரிந்து பிரிந்து அடுத்தவர் பண்ணையில் கூலி வேலை செய்வதைவிடச் சொந்த ஊரில் ஒன்றாக இருப்பது மேல் என்ற எண்ணமே பெரிய காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அரசியல் விளக்கங்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகின்றன.

திரும்பியவர்களை வைத்து ஸ்வீடிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரில் ஒரு கூட்டுப்பண்ணை அமைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1932–33ல், ஸ்டாலின் அரசு தானியத்தைப் பறித்து உண்டாக்கிய பெரும்பஞ்சம் உக்ரைனை விழுங்கியது. ஹொலொதொமோர் என்று உக்ரைனியர் அழைக்கும் அந்தப் பஞ்சம் இந்த ஊரையும் விடவில்லை. மறுபடியும் ஸ்வீடனுக்குப் போக அனுமதி கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பதிலுக்குக் கைது நடந்தது. 1937–38ல், எதிரிகள் என்று கருதியவர்களை ஸ்டாலின் அரசு ஒழித்துக்கட்டிய பெரும் களையெடுப்பின்போது, வெளிநாட்டுத் தொடர்பு என்பதே குற்றமாகிவிட்டது. ஒரு முறை ஸ்வீடன் போய்வந்தவர்கள் மேல் உளவாளி என்று முத்திரை குத்துவது மிக எளிது. ஊரின் ஆண்கள் பலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

1941ல் ஜெர்மானியப் படை வந்தது. 1943ல் பின்வாங்கியபோது, உக்ரைனின் ஜெர்மானியக் குடிகளோடு ஸ்வீடியர்களையும் சேர்த்து மேற்கே கொண்டுபோய், பிடித்துவைத்திருந்த போலந்துப் பகுதியில் குடியேற்றினார்கள். போர் முடியும்போது சிலர் எப்படியோ ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள். சோவியத் படையிடம் சிக்கியவர்களை வடக்கே கோமி பகுதியின் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1947ல்தான் அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது. பக்கத்து ஜெர்மானிய ஊர்களின் பழைய குடிகள் பெரும்பாலும் திரும்பவே இல்லை. அந்த வீடுகளில் வேறு பகுதிகளிலிருந்து உக்ரைனியர்கள் குடியேறினார்கள்.

மக்களைப் புரட்டிப் போட்டது போதாதென்று, அடுத்து நதியையே புரட்டினார்கள்.

1950களில் ககோவ்கா அணை கட்டப்பட்டது. மின்நிலையம், தெற்கே வறண்ட நிலங்களுக்கும் கிரிமியாவுக்கும் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய்கள் என்று சோவியத் காலத்தின் மாபெரும் திட்டங்களில் ஒன்று. அணைக்குப் பின்னால் 2155 சதுர கிலோமீட்டர் பரப்பில், 18 கன கிலோமீட்டர் தண்ணீரோடு ஒரு நீர்த்தேக்கம் உருவானது. மேலே நிகோபோல் பக்கம் கோசாக்குகளின் வரலாற்றில் புகழ்பெற்ற வெலிக்கி லூஹ் தாழ்நிலம் முழுக்க மூழ்கியது. ஸ்மீவ்கா அணைக்கு மேலே இருப்பதால் ஊரின் ஆற்றோரப் பகுதியும் தண்ணீருக்குள் போனது. பிளாவ்னியின் நாணலும் வில்லோவும் மீனோடைகளும் போயின. நதி அகன்று, மறுகரை மங்கலாகி, கடல்போல ஆனது. ஒரு தலைமுறைக்கு அதுதான் ஊரின் இயற்கைத் தோற்றம். மேட்டு நிலத்துக்குப் பாசனம் கிடைத்தது. காய்கறியும் திராட்சையும் செழித்தன. நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் தண்ணீர் வந்தபின் அந்த மேட்டில் வாழ்க்கை எளிதானதை மறுக்க முடியாது.

1991ல் உக்ரைன் தனி நாடானபின் கோத்லாந்துக்கும் ஸ்மீவ்காவுக்கும் போக்குவரத்து தொடங்கியது. கோத்லாந்தில் ரோமா என்ற ஊரில் 1929ல் வந்தவர்களின் வாரிசுகளுக்குச் சங்கம் இருக்கிறது, சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்வீடனிலிருந்து உதவி வந்தது, பள்ளியில் ஸ்வீடிஷ் கற்பித்தார்கள், சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2008ல் ஸ்வீடிஷ் அரசர் பதினாறாம் கார்ல் குஸ்தாஃபும் அரசி சில்வியாவும் இந்த ஊருக்கு வந்தார்கள். ஆனால் ஊரின் பழைய வழக்கைச் சரளமாகப் பேசியவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள், பெரும்பாலும் பாட்டிகள். 2004 முதல் மொழியியலாளர் அலெக்சாண்டர் மன்கோவ் அவர்களோடு உட்கார்ந்து சொல் சொல்லாகப் பதிவு செய்தார். பேச்சு வழக்குக்கு எழுத்து மரபு கிடையாது என்பதால், அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான் மூலம். அந்தப் பதிவு நடக்காமல் போயிருந்தால் இருநூறு ஆண்டு வழக்கில் நமக்கு மிஞ்சியிருப்பது வெந்தெல் போன்ற பழைய ஆய்வாளர்களின் பதிவுகள் மட்டுமே. பள்ளியில் கற்பித்தது நவீன ஸ்வீடிஷ். அது நல்லதுதான், ஆனால் வேறொன்று.

2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது கெர்சோன் பகுதி முதல் நாட்களிலேயே வீழ்ந்தது. கிரிமியாவிலிருந்து வந்த படைகள் ககோவ்கா வழியாக நதியைக் கடந்தன. கிஸி-கெர்மென் காலத்திலிருந்தே எல்லோரும் குறிவைத்த துறை அது. ஸ்மீவ்கா எட்டு மாதங்களுக்கு மேல் ஆக்கிரமிப்பில் இருந்தது. 2022 நவம்பரில் உக்ரைனியப் படை வலது கரை முழுவதையும் மீட்டது. ரஷ்யப் படை நதியைக் கடந்து இடது கரையில் நிலைகொண்டது. ஊர் விடுதலை ஆனது, கூடவே போர்முனை ஆனது. நதி நடுவே எல்லை. எதிர்க்கரையிலிருந்து பீரங்கியும் ட்ரோனும் எட்டும் தூரம். ஊரை விட்டுப் பலர் போய்விட்டார்கள்.

2023 ஜூன் 6 அன்று, ரஷ்யப் படையின் கட்டுப்பாட்டில் இருந்த ககோவ்கா அணை தகர்க்கப்பட்டது. அணைக்குக் கீழே கெர்சோன் வரை ஊர்கள் மூழ்கின. அணைக்கு மேலே நேர்மாறு. சில வாரங்களில் நீர்த்தேக்கம் வடிந்து நதி பழைய தடத்துக்குச் சுருங்கியது. ஸ்மீவ்கா பக்கத்தில் தண்ணீர் விலகிப் போனது. வெள்ளத்தைப் படம்பிடித்த உலகம் இந்த வறட்சியை அதிகம் கவனிக்கவில்லை. பாசனமும் குடிநீரும் நீர்த்தேக்கத்தை நம்பியிருந்த ஊர்களுக்கு இது மெதுவாகக் கொல்லும் அடி. ஏழு பத்தாண்டுகளாகத் தண்ணீர் இருக்கிறது என்ற கணக்கில் அமைந்த விவசாயம், மறுபடி 400 மில்லிமீட்டர் மழைக்குத் திரும்பிவிட்டது.

வடிந்த தரையில் சில மாதங்களிலேயே வில்லோவும் பாப்லரும் முளைத்தன. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது ஓரிரு ஆண்டிலேயே ஆளுயரத்தைத் தாண்டிய இளங்காடு பரவிக் கிடந்தது. அணையைத் திரும்பக் கட்டுவதா, வெலிக்கி லூஹை இயற்கைக்கே விட்டுவிடுவதா என்று உக்ரைனில் விவாதம் நடக்கிறது. அரசு திரும்பக் கட்டும் பக்கம் பேசியிருக்கிறது. சூழலியலாளர் பலர் வேண்டாம் என்கிறார்கள். மின்சாரத்துக்கு வேறு வழி உண்டு என்பது அவர்கள் வாதம். காடு வளர்வதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் மேட்டு நிலத்து விவசாயிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் காட்டைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் கரையில் 1781லிருந்து எல்லா முடிவுகளும் தொலைவில் இருந்தவர்கள் எடுத்தவை. இந்த முடிவாவது அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டு எடுக்கப்பட வேண்டும். அதற்கு முன் அவர்கள் திரும்பிவரும் அளவுக்கு எதிர்க்கரையின் குண்டுவீச்சு நிற்க வேண்டும், வயல்களில் புதைந்திருக்கும் கண்ணிவெடிகளை அகற்ற வேண்டும்.